தண்ணீரில் விடாத முத்திரை

என் மாமனார் உயிரோடு இருந்தவரை, லண்டனில் நான் பார்க்கும் உத்தியோகத்தைக் கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் விளங்கப்படுத்திவிடுவார். “மருமேன் முத்திரைக் கடையிலை. நக்கிற வேலை.”

அதில் பொய்யில்லை என்பதுதான் என் துக்கம். தபால் முத்திரையைச் சேகரிப்பு அல்பத்தில் ஒட்டுவதற்கென்று பசை தடவிய சின்னத் தாள்துண்டு ஒன்று இருக்கிறது. நகத்தளவுதான். அதை மடித்து, நாக்கு நுனியில் தொட்டு, முத்திரையின் முதுகில் வைக்க வேண்டும். ஏறக்குறைய முப்பது வருடமாக என் நாக்கு குழம்பைவிடப் பசையைத்தான் அதிகம் ருசித்திருக்கிறது. கறிக்கு உப்புக் காணாது என்று நான் சொன்னால், என் மனைவி பரமேஸ், “முதல் நாக்கைக் கழுவிப்போட்டு வந்து சொல்லுங்கோ” என்பாள்.

இந்த ஐப்பசியில் ஓய்வு பெற்றேன். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்குப் பொறுப்பான மாலினி ரீச்சர் என்னை வாசலிலேயே மடக்கினார்.

“அங்கிள், பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தாங்கோ.”

“பிரயோசனம் எண்டால் ஆரும் டொக்டரைப் பிடியுங்கோ பிள்ளை. நான் நக்கினதை எழுதினால் தாய் தேப்பன்மார் சண்டைக்கு வருவினம்.”

“இப்ப ஸ்டாம்ப் எல்லாம் ஸ்டிக்கர்தானே. நக்கிறதெண்டால் என்னெண்டே எங்கட பிள்ளையளுக்குத் தெரியாது. அதையே எழுதுங்கோவன்.”

ரீச்சர் சொன்னது சரி. ஸ்டிக்கர் முத்திரைதான் என் நாக்குக்கு ஓய்வு கொடுத்தது. என் வேலை வாழ்க்கையில் நான் நன்றியோடு நினைக்கிற ஒரு பிற்பகலைத் தந்ததும் அதே ஸ்டிக்கர்தான்.

அகதியாக வந்து, இரண்டு பெற்றோல் நிலையங்களிலும் ஒரு பாண் பேக்கரியிலும் ஷிப்ட் அடித்துவிட்டு, மத்திய லண்டனில் ஒரு பழைய முத்திரைக் கடையின் நிலக்கீழ் அறைக்கு வந்து சேர்ந்தேன். அந்த அறையின் ராசா திரு. பெல்லமி. மெலிந்த வெள்ளைக்காரர். கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கையில் எப்போதும் முத்திரை பிடிக்கிற சாவணம், அதாவது சின்ன இடுக்கி, ஒன்று இருக்கும். அதை மேசையில் ஒருமுறை தட்டினால், ‘கவனி.’ இரண்டுமுறை தட்டினால், ‘கையை எடு.’ முதல் வருடம் முழுக்க எனக்கு இரண்டு தட்டுத்தான்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதில் பேசுகிறவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் திரு. பெல்லமியின் ஆங்கிலம் எனக்கு வானொலிச் செய்தித் தமிழாகவும், மற்றவர்களின் ஆங்கிலம் எங்கட தமிழாகவுமே காதில் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கிழமையே, “ஹிஞ்ச் தீர்ந்துவிட்டது, மிஸ்டர் குலா. ஒரு பெட்டி வாங்கி வாருங்கள்” என்றார். குலசிங்கம் என்ற பெயரில் அவருக்குக் குலா மட்டும்தான் வாய்க்குள் புகுந்தது. ஹிஞ்ச் என்றால் கதவுப் பிணைச்சல் என்று எனக்குத் தெரியும். நான் படித்தவன். ஆணிக்கடைக்குப் போய், பேரம் பேசி, நல்ல பித்தளைப் பிணைச்சல் ஒரு பெட்டி, திருகாணியோடு வாங்கி வந்தேன். அவர் கேட்டது அந்த நக்குகிற தாள்துண்டை. அதற்கும் அதே பெயர்தானாம்.

திரு. பெல்லமி ஒரு பிணைச்சலை எடுத்து, திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். “நல்ல வேலைப்பாடு. எந்த அல்பத்தின் கதவுக்கு?” என்றார். அவ்வளவுதான். மேலே சொல்லவும் இல்லை, திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பிணைச்சல்கள்தான் அறையில் தாள் பறக்காமல் வைக்கிற பாரங்கள். நான் விலகிய நாள்வரை என் மேசையில் இருந்தன, பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

தண்ணீர் வேலையைத்தான் முதலில் பழக்கினார். கடித உறையிலிருந்து முத்திரையைச் சுற்றிக் கத்தரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கீழாக மிதக்க விட வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. மணிக்கட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். சிவப்பு உறைகளுக்குத் தனிப் பாத்திரம், சாயம் போகும் என்பதால். பிறகு சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பதுதான் கஷ்டம். ஓரம் கொஞ்சம் கிளம்பியதும் என் கை போய் இழுக்கும். டக், டக்.

“நாம் முத்திரையை எடுப்பதில்லை, மிஸ்டர் குலா. அது தானாக விடும். நாம் அருகில் இருக்கிறோம், அவ்வளவே.”

இன்னொரு நாள், கறுப்புத் தட்டு ஒன்றின் மேல் குனிந்து முத்திரை அடுக்கிக்கொண்டிருந்தேன். டக், டக்.

“பனி பொழிகிறது” என்றார்.

நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

“உங்கள் கன்னத்திலிருந்து.”

எங்கள் ஆட்களுக்குப் பவுடர் உடுப்பு மாதிரி. பூசாமல் வெளிக்கிட்டால் சேட்டுப் போடாமல் போனதுபோல் இருக்கும். என் நிறத்துக்கு அது கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கரும்பலகையில் எழுதியது போல. அன்றோடு பவுடர் டப்பா மேசை லாச்சிக்குள் நாடு கடத்தப்பட்டது. வேலை முடிந்து, படியேறும்போது மட்டும் பூசிக்கொள்ள அனுமதி. ‘ஏன் பூசுகிறாய்’ என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது.

சில வருடங்களில், விற்பனைப் பட்டியலுக்கு முத்திரைகளை விவரித்து எழுதுகிற வேலைக்கு உயர்த்தினார். ஓரப் பல் ஒன்று குட்டை, பின்பக்கம் மெல்லிசு, இலேசான மடிப்பு, இப்படி. நான் ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு ‘மிக அழகான முத்திரை’ என்று எழுதிவிட்டேன். அவர் ‘மிக அழகான’வை வெட்டினார்.

“அழகு, வாங்குபவரின் பொறுப்பு. கண்ணாடிக்குக் கீழே தெரிவதை மட்டும் எழுதுங்கள். தெரியாததை எழுதாதீர்கள்.”

இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

இனி இந்த வருடத்து ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் மதியம், பெரிய தொப்பியும் சில்லு வைத்த சாமான் பையுமாக ஒரு கறுப்பின அம்மா நிலக்கீழ் அறைக்குப் படி இறங்கி வந்தார். மிஸஸ் ஹென்றி. பிறந்தது ஜமெய்க்காவில், இருப்பது எங்களுக்குப் பக்கத்தில், டூட்டிங்கில். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பையிலிருந்து ஐஸ்கிறீம் டப்பா ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“இதுதான் முத்திரை ஆசுப்பத்திரியோ?”

“இது கடை அம்மா.”

“என்னவாயிருந்தாலும் பரவாயில்லை. முதல் நோயாளியைப் பாரும்.”

டப்பாவுக்குள், சமையலறைத் தாள்களுக்கு நடுவில், நனைந்து காய்ந்து அப்பளம் போல் நெளிந்த ஒரு கடித உறை. அதில் அமெரிக்க முத்திரைகள் இரண்டு. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். கறுப்பின மக்களின் ஆரம்பகாலச் சினிமாவைக் கொண்டாட, அந்தப் பழைய படங்களின் சுவரொட்டிகளையே முத்திரையாக அடித்து அமெரிக்காவில் போன வருடம் விட்டிருந்தார்கள். பெரிய திரையரங்குகளில் பின்கதவால் உள்ளே விடப்பட்ட சனங்கள், தங்கள் பகுதிக் கொட்டகைகளில் முன்கதவால் போய்ப் பார்த்த படங்கள். சிவப்பும் மஞ்சளுமாய், ஆட்டமும் வாத்தியமுமாய் இருக்கும். முத்திரைகளைப் பார்த்துச் சலித்த எனக்கே அவை பிடிக்கும்.

“நியூயோர்க்கிலை இருக்கிற மருமகள் முழங்கால் நோவைப் பற்றி எழுதின கடிதம்” என்றார் மிஸஸ் ஹென்றி. “கடிதத்தை விடும். முத்திரையைப் பாரும். எங்கட அப்பா இருக்கிறார்.”

அவருடைய அப்பா எக்காளம் வாசிப்பவராம். மிஸஸ் ஹென்றி தாயின் வயிற்றில் இருந்தபோது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்று சொன்னாராம். போடவேயில்லை. யாரோ ஒருவர் அவரைப் படமொன்றில் வாத்தியக்காரர் வரிசையில் பார்த்ததாக ஊரில் கதை. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றும் கிடையாது. முகத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவர்தான் மிச்சம், மூத்த அக்கா வெர்னா. சட்டனில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில், படுத்த படுக்கை. இந்த உறையைக் காட்டியதும் முத்திரையில் விரலை வைத்து, “அப்பா” என்றாராம். கடைசி வரிசையில் கடைசி ஆள்.

“அக்கா கையிலை வைச்சிருக்கிற மாதிரிச் சின்னச் சட்டம் ஒண்டுக்குள்ளை போடுவம் எண்டு தண்ணியிலை ஊற வைச்சன். விடேல்லை. ஒண்டை இழுத்தன். அது வழுக்கி மற்றதின்ரை மேலை போய் ஒட்டிட்டுது. பதகளிச்சுப்போய் அயன் பண்ணினன்.”

“அயனோ!”

“கத்தாதையும். எனக்கு ஏற்கெனவே ஏச்சு விழுந்திட்டுது.”

இந்தச் சில வருடங்களாக வருகிற அமெரிக்க ஸ்டிக்கர் முத்திரைகள் தண்ணீரில் விடாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே அது தலையிடி. பாவம், அவர் எப்படி அறிவார்?

“அம்மா, இதிலை எது உங்கட அப்பா?”

“அடியிலை கிடக்கிறார். மேலை ஒரு கதாநாயகி ஏறிப் படுத்திருக்கிறாள் பாரும். எங்கட அம்மா உயிரோடை இருந்தால், ‘நான் அப்பவே சொன்னனான்’ எண்டிருப்பா.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்து முடித்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அப்போதுதான் அவர் பயந்துபோயிருப்பது தெரிந்தது.

நான் பெரிய மனது பண்ணி ஒரு யோசனை சொன்னேன். “இது ஒரு பிரச்சினையே இல்லை அம்மா. இதே முத்திரை புத்தம் புதுசா எடுத்துத் தரலாம். ஒரு கீறல் இல்லாமல், மை படாமல்.”

எங்கள் தொழிலில் முத்திரைக்கு இரண்டு சாதி. பாவிக்காதது, பாவித்தது. பாவிக்காததற்குத்தான் மதிப்பு; கல்யாணத் தரகர்கள் எங்களிடம் படித்திருக்க வேண்டும். மிஸஸ் ஹென்றி என்னை, பாலர் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தார்.

“புதுசு எங்கை இருந்து வரும்?”

“கடையிலை இருந்து.”

“கடையிலை இருந்து வாறதை வைச்சு நான் என்ன செய்ய? கடிதம் போடுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன மனுசன். இந்த உறை எங்கட கதவாலை வந்து விழுந்தது. அக்கா என்ன சொன்னவ தெரியுமோ? ‘நான் சொன்னனான் தானே, அப்பா போடுவார் எண்டு.’ இது வந்தது. மற்றது வாங்கிறது. இரண்டும் ஒண்டோ?”

ஊரில் போர் முடிந்த இந்த வருடம் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வன்னியில் இருந்த பரமேசின் அக்கா குடும்பத்திடமிருந்து ஒரு வரி வராதா என்று நாங்களும் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வாசலில் ஏதாவது விழுந்த சத்தம் கேட்டால் பரமேஸ் கறிக் கையோடு ஓடி வருவாள். பீட்சாக் கடை விளம்பரமாக இருக்கும். வந்ததற்கும் வாங்கியதற்கும் வித்தியாசம் என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

ஐஸ்கிறீம் டப்பாவைத் திரு. பெல்லமியிடம் கொண்டுபோனேன்.

“நாம் வெளியார் முத்திரைகளைப் பழுது பார்ப்பதில்லை” என்றார்.

“தெரியும் சேர்.” மிஸஸ் ஹென்றி சொன்னதை அப்படியே சொன்னேன். வந்தது, வாங்கியது. திரு. பெல்லமி சாவணத்தை மேசையில் ஒருமுறை தட்டினார். எனக்கல்ல, தனக்குத்தான் என்று நினைக்கிறேன்.

“தண்ணீர் உதவாது.”

“உதவாது சேர். ஒரேஞ்சுத் தோலின் எண்ணெயில் செய்த அறை வாசனை ஸ்பிரே ஒன்று இருக்கிறது. அது இந்தப் பசையைக் கரைக்கிறதாம். சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள்.”

“கழிப்பறைகளில் அடிப்பார்களே, அதுவா?”

“அதுவேதான் சேர்.”

உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “முதலில் யாருடைய அப்பாவும் இல்லாத முத்திரைகளில் பழகுங்கள்” என்றார்.

வீட்டில் பழகினேன். பரமேஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“என்னப்பா இது, வீடு முழுக்கத் தோடம்பழ மணம்? கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒரு தோடம்பழம் உரிச்சுத் தந்திருப்பியளே?”

“பேசாமல் இரும். ஒப்பரேசன் நடக்குது.”

“ஒப்பரேசன் செய்யிற டொக்டரின்ரை முழங்கையிலை நோயாளி ஒட்டிக்கொண்டு நிக்கிறார்.”

உண்மை. அமெரிக்கக் கொடி ஒன்று என் முழங்கையில் ஒட்டியிருந்தது. உறையிலிருந்து முத்திரை அழகாக விட்டது. ஆனால் பசையின் பிசுபிசுப்பு மட்டும் போகவில்லை. விட்ட முத்திரை அடுத்த நொடியே வேறெதிலாவது போய் ஒட்டியது. கோப்பை, மேசைவிரிப்பு, நான். எண்ணெய் பாதி வேலைதான் செய்தது. மறு பாதிக்கு எனக்கு வழி தெரியவில்லை. அதையும் திரு. பெல்லமியிடம் சொன்னேன். “செய்யும்போது பார்ப்போம்” என்றார். முப்பது வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த வெள்ளி மிஸஸ் ஹென்றி வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் சாவணத்தைத் திரு. பெல்லமியிடம் நீட்டினேன்.

“உங்கள் கை, மிஸ்டர் குலா” என்றார் மெதுவாக. “என்னுடையது இப்போது நடுங்குகிறது.”

ஸ்பிரேயை நேரே அடிக்கவில்லை. பஞ்சில் நனைத்து, கதாநாயகியின் ஓரத்தில் மட்டும் தொட்டேன். பிறகு சும்மா நின்றோம். மூன்று கிழடுகள், ஒரு முத்திரையைச் சுற்றி. அறையே ஒரு நல்ல கழிப்பறை போல மணத்தது. ஓரம் கிளம்பியது. என் கை பறந்தது. திரு. பெல்லமி மேசையைத் தட்டவில்லை. என் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தார், அவ்வளவுதான். மறுபடி தொட்டேன். மறுபடி நின்றோம். கதாநாயகி தானாக எழுந்து போனாள்.

“இப்பவாவது எழும்பினாளே” என்றார் மிஸஸ் ஹென்றி.

அடியில் வாத்தியக்காரர் வரிசை தெரிந்தது. ஆனால் மேலே கரைந்த பசை, தேன் பூசியது போல். துடைத்தால் நிறமும் வரும். விட்டால் அப்பாவின் முகத்தில் தூசியும் நூலும் ஒட்டி, ஒரு மாதத்தில் ஊத்தையாகிவிடும். என் நெற்றி வியர்த்தது. ஒரு துளி விழுந்தால் எல்லாம் முடிந்தது.

திரு. பெல்லமி என் பக்கம் குனிந்தார்.

“மிஸ்டர் குலா, உங்கள் பவுடர் டப்பா இன்னும் இருக்கிறதா?”

நான் லாச்சியைத் திறந்தேன். அவர் டப்பாவை வாங்கி, தன் உள்ளங்கையில் கொட்டி, முத்திரை மேல் ஊதினார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என் கன்னத்துக்குத் தடை விதித்திருந்த அதே பவுடர், அந்த அறையில் பனி போல் இறங்கியது. பிசுபிசுப்பு அதைக் குடித்தது. வரிசையில் நின்ற வாத்தியக்காரர் அத்தனை பேரும் வெள்ளை வெளேரென்று ஆனார்கள். எங்கள் கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி.

நான் மிஸஸ் ஹென்றியைப் பார்க்கப் பயந்தேன்.

“இதென்ன, உம்முடைய பவுடரோ?” என்றார்.

“ஓம் அம்மா. நான் முகத்துக்குப் பூசிறது.”

“நீரும் பூசுறனீரோ? எங்கட அம்மாவும் அப்பிடித்தான். மாவுக்குள்ளை விழுந்து எழும்பின மாதிரி. அப்பாவுக்கும் பூசித்தான் கப்பலேத்தி விட்டவவாம், படத்திலை முன்னுக்கு விடுவினம் எண்டு.” முத்திரையைக் காட்டினார். “விடேல்லை. முன்னுக்கு நிக்கிற ஆக்களின்ரை நிறத்தைப் பாரும், கடைசியிலை நிக்கிறவரின்ரை நிறத்தைப் பாரும்.”

“எங்கட படங்களிலையும் அதே கதைதான் அம்மா” என்றேன்.

மெல்லிய தூரிகையால் பவுடரைத் தட்டத் தொடங்கினேன். முதலில் எக்காளம் வந்தது. பிறகு விரல்கள். பிறகு, கடைசி வரிசையில், பயற்றம்பருப்பளவு முகம், கறுப்பாக, பளிச்சென்று. என் வாழ்நாளில் பவுடருக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த முகம் வெளியே வருவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

மிஸஸ் ஹென்றி பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் இருவரையும் கேட்டார். “என்னைப்போலை இருக்கிறாரோ?”

முத்திரையைக் கண்ணாடிக்குக் கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே முகம் இல்லை. புள்ளிகள்தான் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. அந்தப் பருப்பளவில் மொத்தமாகவே ஒரு கைப்பிடிப் புள்ளிகள். மூக்கென்று சொல்ல ஒரு புள்ளி, கண்ணென்று சொல்ல ஒன்று. தெரியாததை எழுதாதீர்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்தில் நிற்கிறார். என் நாக்கு, அத்தனை வருடம் பசை தொட்ட நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

திரு. பெல்லமி கண்ணாடியை வாங்கினார். குனிந்து, அவருடைய வழக்கப்படி, அவசரமே இல்லாமல் புள்ளிகளைப் பார்த்தார். நிமிர்ந்து மிஸஸ் ஹென்றியின் முகத்தையும் அதே அவசரமின்மையோடு பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“மூக்கு, மேடம்” என்றார். “சந்தேகமே இல்லை.”

மிஸஸ் ஹென்றி தன் மூக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

முத்திரையை உறையின் அந்த மூலையோடு கத்தரித்துக் கொடுத்திருந்தோம்; அதைச் சட்டத்தில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அடுத்த கிழமை கடைக்குத் தொலைபேசி எடுத்தார். அக்கா சட்டத்தைத் திறந்து மணந்து பார்த்தாராம். “அப்பா குளிச்சு, பவுடர் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்” என்றாராம். இப்போது வருகிற தாதிமாரிடம் எல்லாம், ‘என்ரை அப்பாவின்ரை கடிதம் வந்திட்டுது’ என்று காட்டுகிறாராம். எங்கள் வீட்டுக் கடிதமும் ஆவணியில் வந்தது. அதில் இருந்ததை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வந்தது. உறையைப் பரமேஸ் சாமி அறையில் வைத்திருக்கிறாள். அதன் முத்திரையை நான் தொடவில்லை.

அன்று மிஸஸ் ஹென்றி படியேறிப் போனதும், திரு. பெல்லமி தன் மேசைக்குத் திரும்பினார். பித்தளைப் பிணைச்சல் ஒன்றைத் திறந்து மூடினார். சாவணத்தால் ஒருமுறை தட்டினார்.

“அந்த மூக்கைப் பட்டியலில் எழுத வேண்டாம், மிஸ்டர் குலா.”

“இல்லை சேர்.”

கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் புறப்பட்டார். பவுடர் ஊதினபோது அவருடைய மூக்கு நுனியில் நல்ல தடிப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அந்த மூக்கோடுதான் வெள்ளிக்கிழமை நெரிசலில் ரெயில் ஏறியிருப்பார். லண்டன் முழுவதும் பார்த்திருக்கும்.

நான் சொல்லவில்லை. தெரிவதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அன்று பின்னேரம் சட்டத்தை முதலில் மீறியவன் நான் இல்லையே.